செடியை டீபக் செய்வது எப்படி?

கோடு ரன் ஆகலன்னா நாம என்ன பண்ணுவோம்? எர்ரர் மெசேஜைப் படிப்போம். கடைசியா எந்த வரியை மாத்தினோம்னு பார்ப்போம். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் பண்ணி, திரும்ப ரன் பண்ணிப் பார்ப்போம். (சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி மட்டும் பத்து மாற்றத்தை ஒண்ணாப் பண்ணுவோம். அதை விடுங்க.)

அதே நாம, ஒரு செடி வாடிப்போச்சுன்னா என்ன பண்றோம்? தண்ணி ஊத்துறோம். மறுநாளும் வாடியிருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்துறோம். அப்புறம் உரம். அப்புறம் வீடியோவுல பார்த்த முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயத் தோல். எல்லாத்தையும் ஒரே வாரத்துல போட்டுட்டு, செடி செத்ததும் "நமக்குக் கைராசி இல்லப்பா"ன்னு சொல்லி முடிச்சிடுறோம்.

கைராசியை இன்னைக்கு ஓரமா வைப்போம். வீட்டு மாடியிலயோ ஹாஸ்டல் வாசல்லயோ நாலு தொட்டி வச்சிருக்கிறவங்க, புல்தரையைப் பார்த்து "ஏன் இப்படிக் காஞ்சு கிடக்கு"ன்னு யோசிக்கிறவங்க, இவங்க எல்லாருக்கும் உபயோகப்படுற மாதிரி, காரணத்தைக் கண்டுபிடிக்கிற முறையைச் சொல்லப்போறேன். இதை நான் கத்துக்கிட்டது ஒரு தப்பு பண்ணித்தான். அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

24 ரோஜாத் தொட்டிகள்

மூணாவது வருஷம் நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு மினி புராஜெக்ட் பண்ணினோம். ஹாஸ்டல் மெஸ்ல இருக்கிற ஆர்.ஓ. மெஷின்ல இருந்து கழிவுத் தண்ணி நாள் முழுக்க சாக்கடைக்குப் போயிட்டிருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் டேங்க்ல பிடிச்சு, பைப் போட்டு, ஹாஸ்டல் முன்னாடி இருக்கிற தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். 24 ரோஜாத் தொட்டி, கொஞ்சம் செம்பருத்தி, பக்கத்துல ஒரு புல்தரை. நல்ல மார்க் வந்துச்சு. டிபார்ட்மெண்ட் கண்காட்சியில இரண்டாம் பரிசும் வந்துச்சு. டேங்க் மேல "நீரைச் சேமிப்போம்"னு ஸ்டிக்கர் ஒட்டி ஃபோட்டோ எடுத்துக்கிட்டோம்.

பைப் போட்டது பிப்ரவரி முதல் வாரம். மார்ச் நடுவுல ரோஜா இலைகளோட நுனியும் ஓரமும் பழுப்பாகி, நெருப்புல காட்டின காகிதம் மாதிரி ஆயிடுச்சு. செம்பருத்தி மொட்டு விரியாமலே உதிர்ந்தது. எல்லாரும் சொன்ன காரணம் ஒண்ணுதான்: வெயில். தோட்டத்தைப் பார்த்துக்கிற அக்காவை சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஒழுங்கா தண்ணி ஊத்துறியா இல்லையா?"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாரு. அன்னையில இருந்து காலையும் சாயங்காலமும் ரெண்டு வேளை ஊத்தச் சொன்னாரு. அக்காவும் ஊத்தினாங்க. செடி இன்னும் வேகமாக் காஞ்சது.

அக்கா எங்ககிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொன்னாங்க. "தம்பி, இந்தத் தண்ணி சரியில்ல. தொட்டி மேல வெள்ளையாப் பூத்துக் கிடக்கு பாருங்க." நாங்க, "இல்லக்கா, டிடிஎஸ் பார்த்துட்டோம், லிமிட்டுக்குள்ளதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு கிளாஸுக்குப் போயிட்டோம்.

நாலு கேள்வி

செடியில எர்ரர் மெசேஜ் இருக்கு. ஆனா ஒரே மெசேஜ் பல காரணத்துக்கு வரும். இலை மஞ்சளாகுறதுக்குத் தண்ணி அதிகமானதும் காரணமா இருக்கலாம், சத்து குறைஞ்சதும் காரணமா இருக்கலாம், பூச்சியும் காரணமா இருக்கலாம். அதனால மருந்து தேடுறதுக்கு முன்னாடி இந்த நாலு கேள்வியைக் கேளுங்க.

1. ஒரு வகைச் செடிக்கு மட்டும் வந்திருக்கா, பல வகைக்கும் ஒண்ணா வந்திருக்கா? பூச்சியும் நோயும் பெரும்பாலும் ஆள் பார்த்துத்தான் வரும். ரோஜாவுக்கு வர்ற கரும்புள்ளி நோய் செம்பருத்திக்கு வராது. சம்பந்தமே இல்லாத ரெண்டு மூணு வகைச் செடி ஒரே நேரத்துல சோர்ந்து போனா, முதல் சந்தேகம் தண்ணி, மண், வெயில், இல்ல யாராவது ஊத்தின கெமிக்கல்.

2. செடியில எந்த இடத்துல? கீழே இருக்கிற பழைய இலையிலயா, மேலே வர்ற துளிர்லயா? நுனியிலயா, நரம்புக்கு நடுவுலயா? ஒரு பக்கம் மட்டுமா?

3. கடைசியா என்ன மாறிச்சு? இடம், தண்ணி, உரம், தொட்டி, தண்ணி ஊத்துற ஆள், பக்கத்துல நடந்த கட்டட வேலை எல்லாமே கணக்குல வரும்.

4. மண்ணுக்குள்ள என்ன நடக்குது? விரலை ரெண்டு கணு அளவு உள்ளே விட்டுப் பாருங்க. தொட்டிக்கு அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. செடி எப்படியும் போகப்போகுதுன்னா, ஒண்ணை வெளியே எடுத்து வேரைப் பாருங்க. நல்ல வேர் வெளிர் நிறமா, உறுதியா இருக்கும். அழுகின வேர் பழுப்பா, கொழகொழன்னு, நாத்தத்தோட இருக்கும்.

இந்த நாலையும் எங்க ரோஜாவுக்குப் போட்டுப் பாருங்க. ரோஜாவும் செம்பருத்தியும் ஒண்ணாப் போச்சு, அப்போ பூச்சி இல்ல. இலை நுனியும் ஓரமும் கருகுது. மண் ஈரமாத்தான் இருக்கு. கடைசியா மாறினது? எங்க பைப்.

வெயில்னு சொன்னவங்களுக்குப் பதில் கேட்டுக்கிட்ட இருந்தது. செக்யூரிட்டி ரூம் பக்கத்துல அதே ரகம் ரோஜா ரெண்டு தொட்டி. அதே வெயில், அதே மண். அதுக்கு செக்யூரிட்டி அண்ணா கார்ப்பரேஷன் குழாயில பிடிச்சு ஊத்துவாரு. அது ரெண்டும் பூவோட நின்னுச்சு. நாங்க திட்டமிடாமலே அங்க ஒரு கன்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட் ஓடிட்டிருந்திருக்கு. அதையும் காட்டினது அக்காதான்.

கணக்கு எங்க தப்பாச்சு?

இது நம்ம பாடம், அதனால கொஞ்சம் பொறுமையாப் பார்க்கலாம். போர் தண்ணியோட டிடிஎஸ் 900 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்பு. 10 லிட்டர் உள்ளே போனா 9,000 மில்லிகிராம் உப்பு உள்ளே போகுது. எங்க மெஷின்ல பாதி நல்ல தண்ணியா வரும், பாதி கழிவாப் போகும். நல்ல தண்ணி 5 லிட்டர், 40 பிபிஎம், அதுல 200 மில்லிகிராம். மீதி 8,800 மில்லிகிராமும் 5 லிட்டர் கழிவுத் தண்ணிக்குள்ள. அதாவது 1,760 பிபிஎம். மீட்டர்லயும் கிட்டத்தட்ட அதுதான் காட்டுச்சு.

ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு பாசனத் தண்ணிக்கு ஒரு வழிகாட்டி அட்டவணை வச்சிருக்கு. 450 பிபிஎம்-க்குக் கீழே பிரச்சனை இல்ல. 450-ல இருந்து 2,000 வரை கொஞ்சம் முதல் மிதமான கட்டுப்பாடு. 2,000-க்கு மேல கடுமையான கட்டுப்பாடு. எங்க 1,760 நடுவுல இருந்துச்சு. "லிமிட்டுக்குள்ள"ன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டோம்.

நாங்க படிக்காம விட்டது அட்டவணைக்குப் பின்னாடி இருக்கிற அனுமானங்களை. அது வயலுக்காக எழுதினது. மண்ணுல நல்ல வடிகால் இருக்கணும், ஊத்துற தண்ணியில ஒரு பகுதி வேரைத் தாண்டிக் கீழே இறங்கி உப்பை அடிச்சிட்டுப் போகணும்னு எடுத்துக்கிட்டுத்தான் அந்த எண்கள். எங்க தொட்டி எல்லாம் ஒரு தட்டு மேல இருந்துச்சு. தரை அழுக்காகக் கூடாதுன்னு வச்ச தட்டு. வடியிற தண்ணி அதுலயே நின்னு, திரும்பத் தொட்டிக்குள்ளயே ஏறிடும். தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது.

கூட்டிப் பாருங்க. ஒரு தொட்டிக்குத் தினம் 1 லிட்டர், 35 நாள். அப்புறம் சூப்பர்வைசர் சொன்னபடி தினம் 2 லிட்டர், 14 நாள். மொத்தம் 63 லிட்டர். பெருக்கினா கிட்டத்தட்ட 110 கிராம் உப்பு. ஒரு கிலோ பாக்கெட்ல ஒன்பதுல ஒரு பங்கை ஒவ்வொரு தொட்டியிலயும் கொட்டின மாதிரி. (எல்லாமே சமையல் உப்பு இல்ல, கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் சேர்த்துத்தான். அந்த வெள்ளைப் படிவம் அதுதான்.) அதுவும் ரோஜா, உப்பைத் தாங்காத செடிகள்ல ஒண்ணு.

மண் ஈரமா இருந்தும் செடி ஏன் காயுது? ஆஸ்மாசிஸ். வேருக்குள்ள இருக்கிறதைவிட வெளியே உப்பு அதிகமானா, செடியால தண்ணியை இழுக்க முடியாது. ஆர்.ஓ. மெஷின்ல நாம பம்ப் வச்சு, பிரஷர் குடுத்து, உப்புத் தண்ணியில இருந்து நல்ல தண்ணியைப் பிழிஞ்சு எடுக்குறோம். வேருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. அதனால தண்ணிக்கு நடுவுல நின்னுக்கிட்டே அது தாகத்துல சாகும். காயுதேன்னு இன்னும் அதே தண்ணியை ஊத்தினா இன்னும் உப்பு. தப்பான டயக்னோசிஸ் பண்ணினா, வைத்தியமே வியாதியை வளர்க்கும்.

சரி பண்ணின விதம்

முதல்ல பைப்பைக் கழட்டினோம். தட்டை எல்லாம் எடுத்தோம். தொட்டிக்கு அடியில ஓட்டையைக் கம்பியால குத்தி விட்டோம். மேல்மண்ணுல வெள்ளைப் படிவத்தைச் சுரண்டி எடுத்தோம். அப்புறம் கார்ப்பரேஷன் தண்ணியை, தொட்டி கொள்ளளவைப் போல ரெண்டு மடங்கு, மூணு தவணையா மெதுவா ஊத்தி வடிய விட்டோம். முதல் தவணையில வடிஞ்ச தண்ணியைப் பிடிச்சு மீட்டர் வச்சா 5,000-க்கு மேல காட்டுச்சு. கடைசித் தவணையில 1,000-க்குக் கீழே வந்துச்சு.

அதுக்கப்புறம் உரம் போடல, மருந்தும் அடிக்கல. வேர் அடிபட்டிருக்கிற நேரத்துல உரம் போட்டா அதுவும் உப்புதான். கருகின இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீங்க. பார்க்க வேண்டியது புதுத் துளிரை. மூணு வாரத்துல 17 தொட்டி துளிர்த்துச்சு. 7 போயிடுச்சு.

இந்த ரோஜா கணக்கு ஒரு உதாரணம்தான். அடிக்கடி வர்ற மத்த பிரச்சனைகளையும் அதே நாலு கேள்வியோட பார்க்கலாம்.

இலை மஞ்சளாகுது

கீழே இருக்கிற பழைய இலை முழுசா வெளிர் மஞ்சளாகுதுன்னா, பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் குறைவு. நைட்ரஜன் செடிக்குள்ள நகரக்கூடியது. பத்தலன்னா பழைய இலையில இருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பிடும். மண்புழு உரமோ, ஊறவச்சு நல்லாக் கரைச்ச கடலைப் புண்ணாக்குத் தண்ணியோ போதும்.

பழைய இலையில நரம்பு பச்சையா, நடுப்பகுதி மட்டும் மஞ்சளா இருந்தா மெக்னீசியம் குறைவா இருக்கலாம். அதே மாதிரி நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள், ஆனா துளிர் இலையில வந்தா இரும்புச்சத்து. இரும்பு நகராது, அதனால புது இலைதான் முதல்ல பட்டினி கிடக்கும். மண்ணுல இரும்பு இருந்தாலும், தண்ணியில சுண்ணாம்பு அதிகமாகி மண் காரத்தன்மைக்குப் போயிட்டா வேரால அதை எடுக்க முடியாது. கறிவேப்பிலையில இதை அடிக்கடி பார்க்கலாம். வீட்டுல புளிச்ச மோரை ஊத்துவாங்க, அந்தப் புளிப்புக்குப் பின்னாடி இருக்கிற யோசனை இதுதான். ஆனா தண்ணி தேங்கி நிக்கிற தொட்டியில மோர் ஊத்திப் பிரயோஜனம் இல்ல. முதல்ல வடிகால்.

செடி வாடுது

மத்தியானம் மட்டும் தலை தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துட்டா விட்டுடுங்க. அது வெயிலுக்கு வர்றதுதான். காலையிலயே தொங்கினா விரலை உள்ளே விடுங்க. காஞ்சிருந்தா தண்ணி. ஈரமா இருந்தா தண்ணியை நிறுத்துங்க. ஈர மண்ணுல வாடுற செடிக்கு வேர் பிரச்சனை: ஒண்ணு அழுகல், இல்லன்னா எங்க கேஸ் மாதிரி உப்பு. வேருக்கும் ஆக்சிஜன் வேணும், தண்ணியிலயே மூழ்கிக் கிடந்தா மூச்சு முட்டும். "தினம் ஒரு மக்"னு அட்டவணை போட்டு ஊத்தாதீங்க. தொட்டியைத் தூக்கிப் பாருங்க, ரெண்டு வாரத்துல எடையை வச்சே சொல்லிடுவீங்க.

இலை ஒட்டுது, எறும்பு ஏறுது

செம்பருத்தித் தண்டுல பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா மாவுப்பூச்சி. துளிர்ல சின்னச் சின்னதா கூட்டமா இருந்தா அசுவினி. ரெண்டும் சாறை உறிஞ்சி, இனிப்பா ஒரு திரவத்தை விடும். அதைத் தின்னத்தான் எறும்பு வருது. வந்த எறும்பு, மாவுப்பூச்சியைத் தின்ன வர்ற பொறிவண்டை விரட்டும். அந்த இனிப்பு மேல கரி பூசின மாதிரி பூஞ்சணம் படரும். ஆக, இலை கறுத்திருக்குன்னு பூஞ்சண மருந்து வாங்கினா காசுதான் தண்டம். காரணம் ரெண்டு படி கீழே இருக்கு.

அதிகமாப் பிடிச்ச கிளையை வெட்டிப் பையில கட்டித் தூக்கிப் போடுங்க. மத்ததை வேகமாத் தண்ணி பீச்சிக் கழுவுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலங்குறதுக்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்ததும், இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. வாரம் ஒரு தடவை, மூணு வாரம். எறும்பு ஏறுற வழியை அடைங்க.

இயற்கை எதிரிகளுக்கு எவ்வளவு பலம்னு தெரியணும்னா, பப்பாளி மாவுப்பூச்சி கதையைப் பாருங்க. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. 2008-ல கோயம்புத்தூர்ல கண்டுபிடிச்சாங்க. பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு ஒண்ணையும் விடல. மருந்தடிச்சும் அடங்கல. 2010-ல புவெர்ட்டோ ரிக்கோவுல இருந்து, அந்தப் பூச்சிக்குள்ளயே முட்டை வைக்கிற ஒரு குட்டிக் குளவியை வரவழைச்சு வயல்ல விட்டாங்க. மாவுப்பூச்சி கட்டுக்குள்ள வந்தது. நாம கண்ணை மூடிக்கிட்டு மருந்தடிக்கும்போது முதல்ல சாகுறது இந்த மாதிரி ஆட்கள்தான்.

மிளகாய் இலை சுருளுது

மாடியில மிளகாய் வச்ச எல்லாருக்கும் இது வரும். சுருள்ற திசையைப் பாருங்க. படகு மாதிரி மேல் பக்கமா மடங்கினா இலைப்பேன். கவுத்துப் போட்ட கிண்ணம் மாதிரி கீழ்ப் பக்கமா மடங்கி, காம்பு நீண்டிருந்தா சிலந்திப்பேன். ஒரு வெள்ளைப் பேப்பரைப் பிடிச்சுத் துளிரைத் தட்டுங்க, இலைப்பேன் விழுந்து ஊர்றது தெரியும். சிலந்திப்பேன் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேணும்.

ஏன் இந்த வித்தியாசம் முக்கியம்? சிலந்திப்பேன் பூச்சியினமே இல்ல, எட்டுக்கால் ஜாதி. பல பூச்சி மருந்து அதுக்கு வேலை செய்யாது. அதுக்கு நனையும் கந்தகத் தூள் இருக்கு. ஆனா கடும் வெயில்லயும், வேப்பெண்ணெய் அடிச்ச கையோடயும் கந்தகம் அடிச்சா இலை கருகும். இலை சிறுத்து, செடியே குட்டையாகிக் கொத்துக் கொத்தா நின்னா அது வெள்ளை ஈ பரப்புற வைரஸ். அதுக்கு மருந்து கிடையாது. மனசைத் தேத்திக்கிட்டுப் பிடுங்கிடுங்க, பக்கத்துச் செடியாவது பொழைக்கும்.

தக்காளிக்கு அடியில கறுப்பு

காயோட அடிப்பகுதி மட்டும் கறுத்துக் குழிஞ்சா எல்லாரும் நோய்னு நினைப்பாங்க. அது கால்சியம் பிரச்சனை. பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், காய்க்குப் போய்ச் சேராது. கால்சியம் தண்ணியோட சேர்ந்துதான் ஏறும். ரெண்டு நாள் காயப்போட்டு மூணாவது நாள் வெள்ளமா ஊத்தினா சப்ளை அறுந்துபோகும். ஸ்டாக் இருக்கு, டிரான்ஸ்போர்ட் இல்ல. சீரா ஊத்துங்க, மண் மேல காஞ்ச சருகைப் பரப்புங்க. அடுத்த காய் நல்லா வரும்.

புல்தரை

எங்க ரோஜா செத்தப்போ பக்கத்துப் புல்தரைக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கும் அதே தண்ணிதான். காரணம், அது அருகம்புல். உப்பை நல்லாத் தாங்குற புல் வகையில ஒண்ணு. அதோட அது தட்டு மேல இல்ல, தரையில இருக்கு. இதனாலதான் நாங்களும் ரொம்ப நாள் "தண்ணி தப்பா இருந்தா புல்லும் போயிருக்குமே"ன்னு நம்பி ஏமாந்தோம்.

ஆனா புல்தரைக்கு வேற பிரச்சனைகள் உண்டு. கிளாஸுக்குக் குறுக்கு வழியாப் போற இடத்துல வழுக்கையா ஒரு கோடு இருக்கும். மண் மிதிபட்டு இறுகிப்போச்சு. ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையால அழுத்திப் பாருங்க. மத்த இடத்துல இறங்கும், அங்க இறங்காது. அங்க உரம் போட்டு லாபமில்ல. கடப்பாரையால அரை அடிக்கு ஒரு குழி குத்தி, மணலும் மக்கின உரமும் கலந்து நிரப்பலாம். ஆனா ஐநூறு பேர் நடக்குற வழின்னா நாலு கல்லைப் பதிச்சு நடைபாதையே போட்டுடுறது நல்லது.

மரத்தடியில புல் வரலன்னா அது நோய் இல்ல, நிழல். அருகம்புல்லுக்கு நல்ல வெயில் வேணும். வெட்டினதும் புல் பழுப்பாச்சுன்னா ஒரேயடியா ஒட்ட வெட்டிட்டாங்க. உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு தடவையில வெட்டக்கூடாது. தினமும் மேலாகத் தெளிச்சா வேர் மேலயே தங்கிடும், நாலு நாள் தண்ணி இல்லன்னா காஞ்சிடும். இடைவெளி விட்டு ஆழமா நனைக்கணும்.

கோரைக்கு வருவோம். என்.எஸ்.எஸ். கேம்ப்ல நாம பிடுங்கிக் குவிச்சிட்டு செல்ஃபி எடுக்குறோமே, அது மறுவாரமே வந்து நிக்கும். மேலே பிடுங்கினா இலைதான் வரும். மண்ணுக்குள்ள கிழங்கு சங்கிலி மாதிரி கோத்து நிக்குது, ஒண்ணு அறுந்தா மத்தது முளைக்கும். மண் ஈரமா இருக்கும்போது களைக்கொத்தியால ஆழமாத் தோண்டி, கிழங்கோட எடுக்கணும். திரும்பத் திரும்ப, துளிர் வந்த உடனேயே எடுக்கணும். ஒரு நாள் வேலை இல்ல, ஒரு சீசன் வேலை.

கடைசியா

ரோஜா துளிர்த்தப்புறம் நாங்க மூணு பேரும் சூப்பர்வைசர் ரூமுக்குப் போய், "சார், அக்கா மேல தப்பு இல்ல. எங்க பைப்தான் காரணம்"னு சொன்னோம். மீட்டர் ரீடிங்கையும் காட்டினோம். அவரு "அப்படியா, சரி சரி"ன்னு சொல்லிட்டு ஃபைலைத் திருப்பினாரு. அக்காவை எல்லார் முன்னாடியும் திட்டினாரு. இதை மட்டும் ரூமுக்குள்ளயே முடிச்சிட்டாரு.

அக்காகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டோம். "அப்போ நான் சொன்னது சரிதானே?"ன்னாங்க. "ஆமாக்கா." "அன்னைக்கே ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருக்கலாம்ல தம்பி." அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம் செத்துப்போன 7 தொட்டியையும் கழுவிக் காய வைக்கச் சொன்னாங்க. கழுவினோம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணி இப்போ தரை துடைக்கவும் டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்கும் போகுது. ரிப்போர்ட்ல "எங்கள் பிழை"ன்னு ஒரு பக்கம் சேர்த்தோம். ரீடிங், நாள், தொட்டி எண்ணிக்கை எல்லாம் அதுல இருக்கு. அடுத்து இதே புராஜெக்ட்டை எடுக்குற ஜூனியர்ஸ் அந்தப் பக்கத்தை முதல்ல படிங்க.

உங்க செடிக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வரிசையில போங்க:

1. தினம் தண்ணி ஊத்துறவங்க யாரோ, அவங்களைக் கேளுங்க.
2. எத்தனை வகைச் செடி, எந்த இலை, எந்தப் பக்கம்னு பாருங்க.
3. கடைசியா என்ன மாறிச்சுன்னு தேதியோட எழுதுங்க.
4. மண்ணுக்குள்ள விரலை விடுங்க, தொட்டியோட அடியைப் பாருங்க.
5. நல்லா இருக்கிற அதே வகைச் செடி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு ஒப்பிடுங்க.
6. ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. புதுத் துளிர் வர்ற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் பொறுங்க.

ஆறுல முதலாவதை நாங்க கடைசியாத்தான் பண்ணினோம். நீங்க அதுல இருந்தே ஆரம்பிங்க.